அந்தச் சகோதரி செவ்வாய்க்கிழமை வந்து பார்க்கவும்

1

முதலிலேயே உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாக இருக்க வேண்டியதே இல்லை. கட்டுரையாக இருக்க வேண்டியது.

நான் ஒரு சபை மாத இதழில் பிழை திருத்துகிறவள். பன்னிரண்டு வருஷமாக அடுத்தவர்களுடைய ஒற்றுப்பிழைகளைத் துரத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். போன மாதம் ஆசிரியர் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"ஊழியர் சிறப்பிதழ்ல மூணு பக்கம் காலியா கிடக்கும்மா. எழுதித் தர்றேன்னு சொன்ன போதகர் கடைசி நேரத்துல கைவிரிச்சுட்டார். நீயே ஏதாவது எழுதிக் குடுத்துடேன்."

"என்ன தலைப்பு?"

"ஊழியத்தில் சோர்ந்து போகாமல் இருக்க ஏழு வழிகள்."

"அந்தப் போதகர் ஏன் முடியாதுன்னார்?"

"ரொம்பச் சோர்வா இருக்காராம்."

ஆசிரியர் சிரிக்கவில்லை. அதனால் நானும் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சரி என்று தலையாட்டிவிட்டேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்தால் எனக்கு ஏழு வழி என்ன, அரை வழிகூடத் தெரியவில்லை. தெரிந்தது ஒரே ஒரு ஊழியர்தான். என் அக்காவின் வீட்டுக்காரர், ஒரு சபையின் போதகர். ஆலயத்தில் அங்கியோடு பார்க்கிறவர்களுக்கு அவர் ஐயா. அவர் பனியனோடு வாளி தூக்குவதைப் பார்த்த எனக்கு அத்தான்.

அவரை வைத்துக் கதையாக எழுதட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். சம்மதிக்க மாட்டாள் என்று நினைத்துத்தான் கேட்டேன். அவளோ, "தாராளமா எழுது. நான் அதைப் பெட்டியில போட்டதே யாராவது படிக்கணும்னுதானே," என்றுவிட்டாள். எந்தப் பெட்டி, எதைப் போட்டாள் என்கிறீர்களா? அதற்கு வருகிறேன், அவசரப்படாதீர்கள்.

அத்தானும் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. அச்சுக்குப் போகும் முன் ப்ரூஃப் அவர் கைக்கு வர வேண்டும். ஓரத்தில் பென்சிலால் எழுதுவார். அவர் எழுதியதை நான் நீக்கக் கூடாது. ஊரார் பிழையைத் திருத்துகிறவளுக்கு இந்தத் தண்டனை தேவைதான் என்று ஒத்துக்கொண்டேன். அவருடைய குறிப்புகளை அங்கங்கே நட்சத்திரம் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்று. இந்த இதழ் அத்தானுடைய சபைக்கும் நூற்றுப்பத்துப் பிரதி போகிறது. அங்கே உள்ளவர்கள் இரண்டாம் பக்கத்துக்குள் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். பரவாயில்லை, கண்டுபிடியுங்கள்.

2

முதல் தொடக்கம்:

"விடியற்காலை. பறவைகள் துதி பாடிக்கொண்டிருந்தன. போதகர் முழங்காலில் நின்று, கண்ணீர் மல்க—"

விட்டுவிட்டேன். அத்தானுக்கு முழங்கால் வலி. ஏழு வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்துதான் ஜெபம். அந்த வீட்டில் விடியற்காலையில் பாடுவது பறவையும் இல்லை, அவருடைய ஃபோன்.

* ஏழு வருஷம் இல்லை, ஐந்து.

இரண்டாம் தொடக்கம்:

"ஆண்டவருக்காக எரிந்து தீர்வோம் என்று நாம் மேடைதோறும் முழங்கிக்கொண்டிருக்கும் இந்நாட்களில், உண்மையாகவே எரிந்து தீர்ந்துபோன ஒருவர் நம் நடுவில்—"

இதையும் விட்டுவிட்டேன். பிரசங்க வாடை. ஆனாலும் அந்த வார்த்தை என்னை விடமாட்டேன் என்கிறது. "எரிந்து தீர்வோம்" என்று ஒருவர் மைக்கில் சொன்னால் ஆலயமே அல்லேலூயா போடுகிறது. அதே மனுஷர் கீழே இறங்கி வந்து, "எனக்குக் களைப்பா இருக்கு," என்று சொல்லிப் பார்க்கட்டும். ஒருத்தரும் அல்லேலூயா சொல்ல மாட்டார்கள். ஐயாவுக்கு என்ன ஆச்சு என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சங்கதிதானே? அகராதியைப் பார்க்கிறவள் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாம் தொடக்கம்:

அக்கா மகள் எட்டாம் வகுப்பு. காலையில் ரேங்க் கார்டை நீட்டினாள். அத்தான் காதுக்கும் தோளுக்கும் நடுவில் ஃபோனை இடுக்கிக்கொண்டு, யாருடைய வயிற்றுவலியையோ கேட்டபடியே கையெழுத்துப் போட்டார். கார்டு பள்ளிக்குப் போனது. மறுநாள் வகுப்பாசிரியை அக்காவுக்கு ஃபோன் செய்தார். ஆசிரியர் கருத்து என்ற கட்டத்தில் அவர் எழுதியிருந்தது: "கணக்கில் கவனம் தேவை." அதற்குக் கீழே பெற்றோர் கருத்து என்ற கட்டத்தில் அத்தான் எழுதியிருந்தது: "ஜெபிக்கிறேன்."

இதை வைத்துக்கொள்கிறேன். கதை இங்கேதான் தொடங்குகிறது.

3

இங்கே எனக்குத் தொழில் ரீதியாக ஒரு சிக்கல். அத்தான் நல்லவர். நல்லவரை வைத்துக் கதை எழுதுவது மகா கஷ்டம். கெட்டவனாக இருந்தால் இரண்டாம் பத்தியிலேயே கதை ஓட ஆரம்பித்திருக்கும். இவருக்கு ஒரு கெட்ட குணமாவது இருக்காதா என்று அக்காவைக் கேட்டேன்.

"டூத்பேஸ்ட்டை நடுவுல பிதுக்குவார்."

"அது பத்தாதுக்கா."

யோசித்தாள். "யார் கூப்பிட்டாலும் போவார்."

"அது நல்ல குணமாச்சே."

"நீ பதினாலு வருஷம் கூட இருந்து பாத்துட்டுச் சொல்லு."

அக்கா சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஆலயச் சுவரில் "திங்கட்கிழமை போதகருக்கு ஓய்வு நாள்" என்று ஒரு போர்டே தொங்குகிறது. திங்கட்கிழமைதான் கூட்டம் அதிகம். ஏனென்று கேட்டால், அன்றைக்குத்தான் ஐயா ஃப்ரீயாக இருப்பாராம். போன வருஷம் ஒரு ஞாயிறு ஓய்வைப் பற்றியே பிரசங்கம் செய்தார். அருமையான பிரசங்கம். காலை ஆறரை, எட்டரை, சாயங்காலம் ஐந்து என்று மூன்று தடவை செய்தார். நடுவில் ஒரு அடக்க ஆராதனை.

அப்புறம் சில மாதங்களுக்கு முன் நடந்த அந்த மௌன ஜெபம். "கொஞ்ச நேரம் மௌனமாக ஆண்டவர் சமூகத்தில் இருப்போம்," என்று சொல்லிக் கண்ணை மூடினார். இரண்டு நிமிஷம் போனது. நாலு நிமிஷம் போனது. கீபோர்டு வாசிக்கிறவர் மெதுவாக ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தார். ஐயா அசையவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஒரு பெரியவர் நெகிழ்ந்துபோய் என்னிடம், "ஐயா இன்னிக்கு எவ்வளவு ஆழத்துக்குப் போயிட்டார் பாத்தியாம்மா," என்றார். மைக் வழியாக மெல்லிசாகக் குறட்டை வந்ததை அவர் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

* குறட்டை இல்லை. சளி.

சரி, சிரித்தாயிற்று. அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு மத்தியானம் துணி மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "இப்படியே போனா ஒண்ணு அவர் ஊழியத்தை விட்டுடுவார், இல்ல உயிரை விட்டுடுவார். எது முந்திக்கும்னுதான் தெரியல."

நான் ஏதோ சமாதானம் சொல்லப் போனேன். அவள் ஒரே தலையணை உறையை மூன்றாம் தடவை பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். இந்தக் கதையில் வேறெதுவும் முக்கியமில்லை. என் அக்காவுக்கு அவள் புருஷன் திரும்பக் கிடைப்பாரா, மாட்டாரா, அவ்வளவுதான்.

4

அக்கா அவரிடம் நேரில் பேசிப் பார்க்காமல் இல்லை. ஒரு தடவை சாப்பிடும்போது ஆரம்பித்தாள், ஃபோன் வந்தது. ஒரு தடவை காரில் ஆரம்பித்தாள், போக்குவரத்து சிக்னலில் சபையார் ஒருவர் கண்ணாடியைத் தட்டி தன் தம்பியின் வேலை விஷயத்தைச் சொன்னார். மூன்றாம் தடவை கதவைச் சாத்திக்கொண்டு, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள். அத்தான் கனிவாக அவளைப் பார்த்து, "ஜெபிக்கிறேன்," என்றார். அவள் இன்னும் சொல்லவே ஆரம்பிக்கவில்லை.

* இது நடந்ததாக எனக்கு நினைவில்லை. நடந்திருக்கலாம்.

இப்போது பெட்டி. ஆலய வாசலுக்குள் நுழைந்ததும் இடது பக்கம் ஒரு மரப்பெட்டி இருக்கும், மேலே ஒரு கீறல். ஜெப விண்ணப்பம் உள்ளவர்கள் பேர் போடாமல் சீட்டில் எழுதி அதில் போடுவார்கள். பிரசங்கம் முடிந்ததும் அத்தான் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு சீட்டாகச் சத்தமாகப் படித்து ஜெபிப்பார். அந்த ஒரு வேலையில் மட்டும் அவர் அவசரப்பட்டதே கிடையாது. எல்லாருக்கும் முறை வரும். யாருக்கும் நடுவில் ஃபோன் வராது.

அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அக்காவுக்கு அந்த யோசனை வந்திருக்கிறது. இந்த வரிசையில் நின்றால் நமக்கும் முறை வருமே என்று. ஒரு சீட்டை எடுத்து எழுதினாள்:

"என் கணவர் ரொம்பக் களைத்துப் போயிருக்கிறார். வீட்டில் இருக்கிறார், ஆனால் வீட்டில் இல்லை. அவருக்காக ஜெபிக்கவும்."

மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, மூன்றாம் வரிசையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அவர் சீட்டைப் பிரிச்ச உடனே கையெழுத்தைப் பாத்துத் திகைச்சுப் போயிடுவார்னு நெனச்சேன்," என்று பிற்பாடு சொன்னாள். இடது கையால் எழுதவில்லை, கோணல் மாணலாக எழுதவில்லை. தெரிய வேண்டும் என்றே அவள் எழுத்திலேயே எழுதினாள்.

அத்தான் பிரித்தார். படித்தார். நிறுத்தினார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தச் சகோதரியோட வேதனையைப் பாருங்க சபையாரே," என்றார் அத்தான். அப்புறம் ஜெபித்தார் பாருங்கள், நாலு நிமிஷம். சமீபத்தில் அவர் அப்படி ஜெபித்து நான் கேட்டதில்லை. அந்தக் கணவனின் மனக்கண்ணைத் திறக்கும்படி கேட்டார். அந்தப் பெண்ணுக்குப் பொறுமை தரும்படி கேட்டார். எனக்குப் பின்னால் ஒரு அம்மாள் விசும்பினார். ஆமென் சொன்ன பிறகும் மனசு ஆறாமல் அத்தான் மைக்கைப் பிடித்து, "இதை எழுதின சகோதரி தயங்காம வாங்க. அந்தச் சகோதரி செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு ஆலோசனை அறையில என்னை வந்து பார்க்கவும்," என்று அறிவிப்பும் கொடுத்தார்.

நான் மெதுவாகத் திரும்பி அக்காவைப் பார்த்தேன். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

நீங்கள் கேட்பீர்கள்: கட்டின பொண்டாட்டி கையெழுத்து ஒரு மனுஷனுக்குத் தெரியாதா? கதையில் இது நம்புகிற மாதிரி இல்லையே? ஆசிரியரும் இதே கேள்வியைத்தான் கேட்டார். காரணம் சொல்கிறேன். அத்தானுடைய எழுத்து டாக்டர் எழுதுகிற மருந்துச் சீட்டு மாதிரி இருக்கும், அவருக்கே புரியாது. அதனால் கல்யாணம் ஆனதிலிருந்து பிரசங்கக் குறிப்பு, ஞாயிறு அறிவிப்பு, கமிட்டி அறிக்கை எல்லாவற்றையும் அக்காதான் அழகாகத் திருப்பி எழுதிக் கொடுப்பாள். பதினாலு வருஷமாக அவர் மேடையில் படித்ததெல்லாம் அவள் எழுத்து. மற்றச் சீட்டுகளைக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் படித்தவர், அவள் சீட்டை மட்டும் தடங்கலே இல்லாமல் படித்தார். அவருக்கு எழுத்து என்றாலே அதுதான்.

* இதைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வந்தேன். மாற்ற ஒன்றுமில்லை.

5

செவ்வாய்க்கிழமை அக்கா போனாள். போக மாட்டாள் என்று நான் பந்தயமே கட்டியிருப்பேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு, மூன்றே முக்காலுக்கே போய்விட்டாள்.

ஆலோசனை அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு, ஒரு மேஜை. மேஜையில் சபைச் செயலாளர், அவர் முன்னால் வருகை நோட்டு. பேர், நேரம், விஷயம் என்று மூன்று கட்டம். அக்கா நோட்டைத் தன் பக்கம் திருப்பவும் செயலாளர் எழுந்து நின்றுவிட்டார்.

"அம்மா, நீங்க எதுக்கு இதுல எழுதறீங்க? ஐயாவை வீட்டிலேயே பாத்துக்கலாமே?"

"வீட்டில ஐயாவைப் பாக்கிறது கஷ்டம்ங்க. இங்கதான் நேரம் குடுத்திருக்கார்."

விஷயம் என்ற கட்டத்தில் "குடும்பம்" என்று எழுதினாள். பெஞ்சில் அவளுக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். நீங்க முதல்ல போங்கம்மா என்று இரண்டு பேருமே எழுந்தார்கள். அக்கா மறுத்துவிட்டாள். முறைப்படி வந்திருக்கிறாள், முறைப்படியே போவாளாம். நாற்பது நிமிஷம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

6

அறைக்குள் நான் இல்லை. எழுதுகிறவர்களுக்கு அது ஒரு தடையே இல்லை என்கிறார்கள். சாவித்துவாரம் வழியாக நுழைந்துவிடுவார்களாம். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் முயன்றேன்.

(அ) "அத்தான் மேஜையைச் சுற்றி ஓடி வந்து அக்காவின் கைகளைப் பற்றிக்கொண்டு—"

முடியாது. அந்த மேஜை சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. சுற்றி வர வழியில்லை.

(ஆ) "'சபை முன்னால என் மானத்தை வாங்கிட்டியே!' என்று அத்தான்—"

அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று அடித்துவிட்டேன்.

* அடிக்க வேண்டாம். ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது.

(இ) அக்கா சொன்னது. அத்தான் மறுக்காதது.

கதவு திறந்ததும் அத்தான் நிமிர்ந்து பார்த்தார். "என்ன, சாவியை மறந்துட்டு வந்துட்டியா?"

"இல்ல. அந்தச் சகோதரி நான்தான்."

"எந்தச் சகோதரி?"

"செவ்வாய்க்கிழமை வரச் சொன்னீங்களே."

பழக்க தோஷம், அத்தானுடைய கை தானாகவே ஆலோசனை நோட்டை இழுத்துப் பிரித்தது. பேனாவை எடுத்தது. அப்புறம் பதினாலு வருஷமாக வா, போ என்று பேசின பெண்டாட்டியிடம் அத்தான் சொன்னார்:

"உட்காருங்க."

அக்கா உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க. உங்க கணவர் என்ன பண்றார்?"

"ஊழியம் பண்றார்."

"குடிப்பாரா? கை நீட்டுவாரா?"

"அதெல்லாம் இல்லைங்க. இருந்திருந்தா நாலு பேர்கிட்ட சொல்லி அழுதிருப்பேன். நல்லவர். அதனாலதான் யார்கிட்டயும் சொல்ல முடியல."

"கடைசியா எப்ப உங்ககூட உட்கார்ந்து பேசினார்?"

"போன வருஷம் ஒரு நாள் கரண்ட் போயி, ஃபோன்லயும் சார்ஜ் இல்லாம இருந்துச்சு. அன்னிக்கு."

அத்தான் அதை எழுதிக்கொண்டார். எழுதி முடிக்க ரொம்ப நேரம் ஆனது.

"அவர் ஜெபிக்கிறாரா?"

"எல்லாருக்காகவும் ஜெபிக்கிறார். அவருக்காக ஜெபிக்கிறாரான்னு தெரியல. அதை நீங்கதான் சொல்லணும்."

அத்தான் பேனாவை மூடினார். "இல்ல," என்றார். "அவர் ஜெபிச்சு ஆறு மாசமாச்சு. வாய் ஓடுது, அவ்வளவுதான். அந்தப் பக்கம் யாராவது கேக்கிறாங்களான்னே அவருக்குத் தெரியல. வெளிய சொன்னா சபை என்ன ஆகுமோன்னு பயம். வீட்டில சொன்னா உங்களுக்கு என்ன ஆகுமோன்னு பயம். பயத்துல இன்னும் ரெண்டு கூட்டம் ஒத்துக்கிட்டார்."

இந்த இடத்தைத் தட்டச்சு செய்துவிட்டு நான் எழுந்து போய்விட்டேன். அலுவலகத்துக் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அத்தானை நான் பண்ணாத கேலி இல்லை. மைக்கில் குறட்டை விட்டதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள் நான்தான். அவர் அப்போது இந்த நிலைமையில் இருந்திருக்கிறார்.

திரும்பி வந்து மீதியை எழுதுகிறேன். கடைசியில் என்ன செய்வதென்று தெரியாமல் அத்தான், "ஜெபிப்போமா?" என்று கேட்டிருக்கிறார். வருகிறவர்களிடம் எப்போதும் கேட்கிற கேள்வி.

"வேண்டாம்," என்றாள் அக்கா. "நீங்க சும்மா இருங்க. நான் பண்றேன்."

அவள் அவருக்கு முன்னால் வாய்விட்டு ஜெபித்ததே கிடையாது. வீட்டில் அது அவருடைய இலாகா. தட்டுத்தடுமாறி, "ஆண்டவரே, இவரைக் கொஞ்சம் உட்கார வைங்க. இவர் உட்கார மாட்டேங்கிறார். நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறார்," என்று ஆரம்பித்து, பாதி புகாரும் பாதி வேண்டுதலுமாக என்னென்னவோ சொன்னாளாம். கண்ணைத் திறந்து பார்த்தால், அத்தான் நாற்காலியிலேயே தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறார்.

அக்கா அவருடைய ஃபோனை அணைத்துவிட்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். பெஞ்சில் இன்னும் நாலு பேர் சேர்ந்திருந்தார்கள்.

செயலாளர் பதறிப்போய், "ஐயா?" என்றார்.

"தூங்குறார்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஜெபத்துல இருக்கார்னு சொல்லிடட்டுமாம்மா?"

"வேண்டாங்க," என்றாள் அக்கா, பெஞ்சில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "தூங்குறார்னே சொல்லுங்க."

7

அப்புறம் நடந்தது சுருக்கமாக. அத்தான் சபைக் கமிட்டியில் எழுந்து நின்று, "என்னால முடியல," என்றார். ஒருவர் ஒரு மாதம் விடுப்புக் கொடுக்கலாம் என்றார். இன்னொருவர், முப்பது நாளைவிட நாற்பது நாள் வேதத்துக்குப் பொருத்தமாக இருக்கும் என்றார். அந்தப் புண்ணியத்தில் பத்து நாள் கூடக் கிடைத்தது. விடுப்பில் இருக்கும்போது சபையார் வீடுகளுக்குப் போய் ஜெபிக்கிற வீடு சந்திப்புக்கு மட்டும் வரலாமே என்று ஒரு குரல் கேட்டது. செயலாளர் அவரை ஒரு பார்வை பார்த்தார், அவர் உட்கார்ந்துவிட்டார்.

முதல் வாரம் அத்தான் தூங்கினார். இரண்டாம் வாரம் வீட்டில் உள்ள எல்லா அலமாரியையும் அடுக்கி, யாருக்கும் எதுவும் கிடைக்காதபடி செய்தார். மூன்றாம் வாரம் மகள் என்னிடம் வந்து, "சித்தி, அப்பா எப்ப வேலைக்குப் போவார்? என் கணக்கு நோட்டுல எல்லாம் மூக்கை நுழைக்கிறார்," என்று புலம்பினாள். ஞாயிற்றுக்கிழமை வேறொரு ஆலயத்தில் என்னோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அந்தப் போதகர் மூன்றாவது தடவையாக "இறுதியாக" என்றபோது அத்தான் என் காதோரம் குனிந்து, "நானும் இப்படித்தான் இழுப்பேனா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. உறவு கெட்டுவிடும்.

ஆனால் ஜெபிக்கவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் மகள் ஜெபிப்பாள், இவர் தலை குனிந்திருப்பார். அக்கா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வராத காரியம், அதனால் இதையும் எழுதி வைக்கிறேன்.

இருபத்தாறாம் நாள் அக்காவுக்கு ஒற்றைத் தலைவலி. மத்தியானம் படுத்திருந்தாள். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் நெற்றியில் கை வைத்தார். "சர்வ வல்லமையும் மகா இரக்கமும் உள்ள எங்கள்—" என்று மேடைக் குரலில் ஆரம்பித்தார். நிறுத்திவிட்டார். அப்புறம், பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்கிற மாதிரி சாதாரணமாக, "இவளுக்குத் தலை வலிக்குது," என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் வரவில்லை. ஆமென்கூடச் சொல்லவில்லை. கையை மட்டும் எடுக்கவில்லை. அக்கா இதை ஃபோனில் என்னிடம் சொன்னாள். "சொன்னாருடி. யார்கிட்டயோ சொன்னாரு. என்கிட்ட இல்ல," என்றாள்.

* இந்தப் பகுதியை நீக்கிவிடு.

* இருக்கட்டும்.

இரண்டு குறிப்பும் அத்தானுடையதுதான். முதலாவதை அவரே அடித்திருக்கிறார்.

8

முடிவுக்கு வருவோம். ஆசிரியர் மூன்று தடவை கேட்டுவிட்டார்.

முதல் முடிவு, ஆசிரியருக்குப் பிடித்தது: நாற்பத்தோராம் நாள் போதகர் முகம் பிரகாசிக்கத் திரும்பி வருகிறார். சபை இரண்டு மடங்காகிறது. ஏழு வழிகளையும் பக்கத்திலேயே கட்டம் கட்டி அச்சிடலாம். எழுதிப் பார்த்தேன், எனக்கே கொட்டாவி வந்தது.

இரண்டாம் முடிவு: அத்தான் ஊழியத்தை விட்டுவிட்டு ஒரு புத்தகக் கடையில் வேலைக்குச் சேர்கிறார். திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. திங்கட்கிழமை முழுக்கக் கடை வாசலில் சபையார் வரிசையாக நிற்கிறார்கள்.

மூன்றாம் முடிவு: திரும்பி வருகிறார். முதல் வாரம் நன்றாகப் போகிறது. இரண்டாம் வாரம் ஒரே ஒரு கூட்டம் கூடுதலாக ஒத்துக்கொள்கிறார். மூன்றாம் வாரம் அக்கா சாப்பாட்டு மேஜையில் தனியாக உட்கார்ந்து... இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

எது சரி என்று அத்தானையே கேட்டேன். "எனக்கென்ன தெரியும்? சபையைக் கேளு," என்றார்.

கேட்கிறேன். நூற்றுப்பத்துப் பிரதிகளில் ஒன்றைக் கையில் வைத்திருக்கிறீர்களே, உங்களைத்தான். மற்றவர்களும் கேளுங்கள், உங்களுக்கும் ஒரு போதகர் இருப்பார்.

வருகிற ஞாயிறு அவர் விடுப்பு முடிந்து திரும்பி வருகிறார்; ஆராதனை முடிந்ததும் வாசலில் கைகுலுக்க நிற்பார். பயந்துகொண்டுதான் நிற்பார், சொல்லிவிட்டேன். உங்களுக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கும். நாற்பது நாளாக அடக்கி வைத்திருக்கிறீர்கள். உங்கள் கஷ்டம் பொய் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கத்தான் செய்வார், கேட்காமல் இருக்க அவருக்கு இன்னும் தெரியாது. அக்கா அவருக்கு ஓரடி பின்னால் நின்றுகொண்டிருப்பாள். நீங்கள் சொல்வது அவள் காதிலும் விழும்.

வரிசை நகர்கிறது. உங்கள் முறை வந்துவிட்டது. அவர் கையை நீட்டுகிறார். கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சொல்கிறீர்கள்:

"ஐயா, ..........................................................................